பினாங்குக்கு ஆள் இல்லை

பினாங்கில், செபராங் ஜெயாவில் நான் நடத்திய கம்ப்யூட்டர் கம்பெனிக்குச் சோறு போட்டது ஒரு பஞ்சாங்க மென்பொருள்தான். இந்தியப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரத்தைக் கூட்டி மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்த குருக்கள்மாருக்கெல்லாம் இந்த முத்துவீரப்பன் என்றால் பெரிய ஆள்.

உள்ளே கணக்குப் போட்ட மூளை என்னுடையதல்ல. டொரொண்டோவில் விநாசித்தம்பி என்ற யாழ்ப்பாணத்துக்காரர் எழுதி, இணையத்தில் இலவசமாக விட்டிருந்த நிரல் அது. புதுப் பதிப்பு வந்தால் இறக்கி, என் கம்பெனிப் பெயரை ஒட்டி விற்பேன். கூட வரும் அறிவிப்பை ஒருநாளும் படித்ததில்லை. ஓசியில் வருவதற்கு யார் உட்கார்ந்து படிப்பது? எங்கிருந்து எடுக்கிறேன் என்று வீட்டிலும் மூச்சு விட்டதில்லை.

தொண்ணூற்றெட்டில் என் தங்கை கண்ணம்மைக்குத் தேவகோட்டையில் மாப்பிள்ளை அமைந்தது. பேச்சு முடிந்த அன்றே அவள் அறையில் இருந்த இணைய லைனைப் பிடுங்கினேன். கல்யாணம் ஆகப்போகிறவள் ராத்திரியெல்லாம் யாருக்கோ டைப் அடித்துக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? அவள் ஏதோ சொல்ல வந்தாள். நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வந்த புதுப் பதிப்பை இறக்கி, தாலி கட்டும் திருப்பூட்டுக்கு என் மென்பொருளிலேயே நாள் பார்த்தேன். அஷ்டமி காலை ஆறுக்கு முடிகிறது, ஒன்பதுக்கு முகூர்த்தம். குருக்களும் என் தாளைப் பார்த்துத் தலையாட்டினார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை, ஊரிலிருந்து வந்திறங்கிய மாப்பிள்ளையின் மாமா அடைக்கப்பன், பைக்குள்ளிருந்து பஞ்சாங்கத்தை எடுத்து விரித்தார். நாளைக்குப் பிற்பகல் மூன்றரை வரை அஷ்டமி இருக்கிறதே என்றார். அது இந்திய நேரம் என்று சிரித்தேன். சிரித்துக்கொண்டே கூட்டிப் பார்த்தேன். மாலை ஆறு வந்தது. என் தாளில் காலை ஆறு.

டொரொண்டோவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். விநாசித்தம்பி குரலை உயர்த்தாமல் விளக்கினார். ஊருக்கு ஒருவராக, அந்தந்த ஊர் நேரத்தைச் சும்மாவே சரிபார்த்துக் கொடுக்கிறார்கள். ஆள் இல்லாத ஊருக்கு, அவருடைய டொரொண்டோ நேரமே வரும். அறிவிப்பின் முதல் வரியே அதுதானாம்.

"பினாங்குக்கு இப்ப ஆள் இல்லைத் தம்பி. நாலு வருசமாப் பார்த்த பிள்ளை கலியாணம் எண்டு நிண்டிட்டா. கண்ணம்மை எண்டு பேர். உங்களுக்குத் தெரியுமோ?"

போனை வைத்தேன். நாலு வருஷமாக நான் விற்றுத் தின்றது என் தங்கையின் தூக்கத்தை.

உள்ளறையில் அவள் மருதாணிக் கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியில் மாமாவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. பினாங்குக் கணக்கை நீயா பார்த்தாய் என்று கேட்டேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் வேலையைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி அது.

"ஆமாண்ணே. ஆள் கிடைக்கிற வரைக்கும் உங்க ஊர் நேரத்தையே போட்டுக்குங்கன்னு நான்தான் அவர்கிட்ட சொன்னேன். இங்க யாருண்ணே அதை நம்பி நாள் பார்க்கப் போறாங்க?"

கையிலிருந்த முகூர்த்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். மலர்ந்த முகம் மெல்ல என்னையே பார்த்தது.

"அண்ணே, என் நாளை எதுல பார்த்தீங்க?"