மெஷினில் படுத்தவர்

தங்கசாமிக்கு மல்லாக்கப் படுத்தால் மூச்சு முட்டும். இரண்டு வருடமாக நாற்காலியில்தான் தூக்கம். சாயல்குடியில் எங்கள் தெரு அவருக்கு ‘உக்காந்த சாமி’ என்று பேர் வைத்து, அவர் காதுபடவே கூப்பிட்டும் வந்தது.

போன வருடம் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் புது வைத்தியம் ஒன்று ஆரம்பித்தார்கள். ஆளை ஸ்கேன் மெஷினுக்குள் படுக்கவைத்துப் படம் எடுத்து, அவருடைய இதயம் போலவே ஒன்றைக் கம்ப்யூட்டருக்குள் துடிக்கவிடுவார்கள். துடிப்பைச் சீராக்கும் கருவியை முதலில் அதில் பொருத்திப் பார்ப்பார்கள். அது தேறினால் நிஜ நெஞ்சிலும் இலவசமாக வைப்பார்கள். தங்கசாமியின் மனைவி பூமயில் நடையாய் நடந்து புருஷன் பேரைச் சேர்த்துவிட்டாள்.

ஆனால் முக்கால் மணி நேரம் மல்லாக்கப் படுக்க வேண்டுமாம்.

உப்பளத்தில் மூட்டை தூக்கும் அண்ணன் பால்சாமிதான் வழி சொன்னார். இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே வழுக்கை.

“ஏலே, ஒரு வயித்துல பெறந்த நமக்கு நெஞ்சு மட்டும் வேறயாவா இருக்கும்? ஒம் பேருல நான் போய்ப் படுக்குறேன்.”

படுத்தார். செல்போன் நம்பரும் தன்னுடையதையே கொடுத்தார். சில வாரத்தில் பதில் வந்தது. இதயம் முழுக்கத் தழும்பு, கருவி பிடிக்காது, ஏழெட்டு மாதம் தாண்டாது. அதை அப்படியே கொண்டுவந்து தம்பியிடம் சொல்லிவிட்டு, பால்சாமி நெஞ்சுக் கரிப்புக்கு ஒரு சோடா குடித்தார். வெறும் வாயுதான் என்பார். தினமும் இரண்டு சோடா.

அப்புறம் தெருவே பழச்சீப்போடு போய்த் தங்கசாமியைப் பார்த்தது. இனி மாத்திரை எதற்கு என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. பால்சாமி சீமைக்கருவேல விறகு வெட்டிவந்து, இரண்டு வீட்டுக்கும் பொதுவான கொல்லையில் அடுக்கினார். மழை பிடித்துவிட்டால் ஈர விறகு எரியாதாம். அவர் மனைவி ராக்கு அதன்மேல் தார்ப்பாய் போர்த்தினாள். தங்கசாமி நாற்காலியிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும்.

ஏழாவது மாதம் உப்பளத்தில் மூட்டையோடு விழுந்த பால்சாமி எழவில்லை. விறகு தயாராக இருந்தது.

தெருவுக்கு அப்போதுதான் உறைத்தது. பூமயிலுக்கு எல்லோருக்கும் முன்னால் உறைத்திருக்க வேண்டும். சாவு வீட்டில் அவள் அழுத அழுகையில் கண்ணீர் குறைச்சல். மெஷின் பார்த்தது மூத்தவர் நெஞ்சை. தன் புருஷன் நெஞ்சை இன்னும் யாரும் பார்க்கவே இல்லை.

பத்தாம் நாள் பால்சாமியின் செல்லுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஸ்கேன் எடுத்துக்கொண்டவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள்.

“மெஷின்ல படுத்தவரு போய்ச் சேந்துட்டாருய்யா” என்றாள் ராக்கு. அவள் பொய் சொன்னாள் என்று யாரும் சொல்ல முடியாது.

பதினாறு கழிந்ததும் பூமயில் புருஷனை பஸ்ஸில் உட்காரவைத்து மதுரைக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். தங்கசாமி என்ற பேருக்கு நேரே இறந்த தேதி இருந்தது. கம்ப்யூட்டர் சொன்ன மாதம் தப்பவில்லை என்று பெரிய டாக்டர்கள் கூட்டத்தில் அவர் அதைப் படித்தும் காட்டிவிட்டாராம். பூமயில் நடந்ததையெல்லாம் கொட்டினாள். டாக்டர் தங்கசாமியை ஒரு தடவை பார்த்துவிட்டு, எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“வெளிய சொன்னா ஆள்மாறாட்டக் கேசும்மா. தங்கசாமி செத்துட்டாரு. அப்படியே இருக்கட்டும்.”

திரையில் பால்சாமியின் இதயம் தம்பி பேரில் துடித்துக்கொண்டிருந்தது. அது அண்ணனுடையதா என்று மட்டும் தங்கசாமி கேட்டார். பூமயில் அவரைக் கைத்தாங்கலாக எழுப்பினாள்.

பால்சாமிக்குப் போக மீந்த விறகு இன்னும் கொல்லையில்தான் கிடக்கிறது. ராக்கு அதை அடுப்புக்கு எடுப்பதில்லை. மழை வந்தால் மட்டும் ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்துவிடுகிறாள்.