கலப்பைக்கு முன்னால் ஒரு கூடு

அவள் தலைதெறிக்க ஓடினாள். இடுப்பளவு புல் காலைப் பின்னி இழுத்தது. ஒரு செருப்பு எங்கோ கழன்று போனது. எதிரே புழுதியைக் கிளப்பிக்கொண்டு டிராக்டர் வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் புல்வெளி இல்லை. வெறும் சிவந்த மண் மல்லாந்து கிடந்தது.

"நிறுத்து! அண்ணே, நிறுத்து!"

ஓட்டியவன் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்தான். காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, கேட்டால்தானே? அவள் இரண்டு கைகளையும் விரித்துக் குறுக்கே பாய்ந்தாள். டிராக்டர் உறுமி, குலுங்கி, நின்றது.

"ஏய் கொக்கு! பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு? அம்மாகிட்ட நான் என்ன பதில் சொல்றது?"

சின்ன வயதில் அவளுடைய நெட்டைக் காலுக்கு அவன் வைத்த பெயர் அது.

"என்னைத் திட்டினது போதும். சக்கரத்துக்குக் கீழ பாரு."

அவன் எட்டிப் பார்த்தான். ஒரு முழம் தள்ளி, காய்ந்த புல்லின் நிறத்தில் ஒரு பறவை மண்ணோடு மண்ணாக ஒட்டிப் படுத்திருந்தது. இவ்வளவு பெரிய இயந்திரம் முகத்துக்கு நேரே வந்தும் எழவில்லை.

"யம்மாடி!" என்றான் அண்ணன். பாட்டை நிறுத்தினான்.

அந்த இனம் மரத்தில் கூடு கட்டாது. திறந்த புல்வெளியில், வெறும் தரையில் முட்டையிடும். ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாக மேய்ந்தவை. இந்த வருஷம், அழியும் பறவைகளின் முட்டைகளைப் பொரித்து வளர்க்கும் பொரிப்பகத்து ஆட்கள் மூலை முடுக்கெல்லாம் தேடியும் அகப்பட்டது இந்த ஒற்றைப் பெட்டைதான். அவள் அந்தப் பொரிப்பகத்தில் வேலை பார்க்கிறவள். அவள் கையில் இருந்தது ஒரே ஒரு விதி: முட்டையோடு பறவை உட்கார்ந்திருந்தால், குஞ்சு பறக்கும்வரை அந்த நிலத்தில் கலப்பை படக்கூடாது. முட்டை இல்லையென்றால் இந்த இடம் அரசாங்கக் காகிதத்தில் வெறும் தரிசு. தரிசை உழுது மரம் நடப் போகிறார்கள்.

மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார் சூப்பர்வைசர்.

"மரம் நடறதுக்கே குறுக்க நிக்கிற முதல் ஆளு நீதாம்மா. ஊரே கை தட்டுது. உனக்கு என்ன நோவு?"

"இது மரத்துக்கான இடம் இல்ல சார். மரம் வந்தா அதுல பருந்து வந்து உக்காரும். தரையில ஓடுற குஞ்சு ஒண்ணுகூட மிஞ்சாது. இந்தப் புல்லோட வேர் நம்ம ஆள் உயரத்தவிட ஆழம். ஒருதடவை புரட்டிட்டா அவ்வளவுதான், நம்ம காலத்துல திரும்பாது."

"புல்லுக்கு இவ்வளவு வக்காலத்தா? எங்க வீட்டு வாசல்ல வேணாம்னாலும் வளருது. வந்து அள்ளிட்டுப் போ!" தன் ஜோக்குக்குத் தானே சிரித்துவிட்டு, பறவை பக்கம் திரும்பினார். "சரி, முட்டை எங்க? சும்மா இளைப்பாறுதோ என்னவோ."

படபடவென்று கை தட்டினார். பறவை அசையவில்லை. காலால் புல்லை உதைத்தார். கடைசியில் அது இரண்டடி தள்ளி நின்று, இறக்கையை விரித்துச் சீறியது. குழியில் ஒற்றை முட்டை. பச்சைச் சாம்பல் நிறம், மேலே பழுப்புத் திட்டுகள்.

சூப்பர்வைசர் குனிந்து கையை நீட்டினார்.

"தொடாதீங்க சார்! மனுஷன் கை பட்டா தாய் சேர்த்துக்காது!"

அது கட்டுக்கதை. அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் கை நின்றது. அந்த இடைவெளியில் அவள் செல்போனில் படம் எடுத்தாள்.

சூப்பர்வைசர் டிராக்டர் பக்கம் போய்க் குரலைத் தாழ்த்தினார். "நீ ஏத்திடுப்பா. புல்லுல தெரியலன்னு சொல்லிக்கலாம்."

அண்ணன் அவரைப் பார்த்தான். சீறிக்கொண்டே திரும்பி வந்து முட்டைமேல் உட்கார்ந்த பறவையைப் பார்த்தான். சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குதித்து இறங்கினான்.

"வேற ஆளப் பாத்துக்கங்க சார்."

"உன் வேலை போச்சுன்னு வச்சுக்க!"

"போகட்டும். மொத்தமா போகட்டும்."

அதற்குள் அவள் அனுப்பிய படம் மேலிடத்துக்குப் போய்விட்டது. சூப்பர்வைசரின் போன் அலறியது. இரண்டு நிமிஷம் "சரிங்க, சரிங்க" என்று மட்டும் சொன்னார். யாரையும் பார்க்காமல் வண்டியை உதைத்துக் கிளம்பினார்.

"ஜெயிச்சுட்டே கொக்கு!" அண்ணன் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தான். "வேலைக்கு உலை வச்சுட்டே, பரவாயில்ல. குஞ்சு வந்ததும் சொல்லு. என் பொண்ணைக் கூட்டிட்டு வந்து காட்டணும். உங்க அப்பன் காப்பாத்தினதுடீன்னு."

அவள் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது.

"ஏய், எதுக்கு அழற?"

"நரி எடுத்துடும்னு நிஜ முட்டையை நாங்கதான் எடுத்துட்டுப் போய் மெஷின்ல வச்சோம். தாய் கூட்டை விட்டுடக் கூடாதில்ல? அதனால வேற ஒண்ணு செஞ்சு வைப்போம். பொரியற சமயத்துல நிஜத்தைத் திருப்பி வச்சுடுவோம். அதான் வழக்கம்."

"அப்ப கொண்டு வந்து வை."

"போன வாரம் கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் எடுக்கவே இல்ல. குஞ்சு உள்ளயே குளிர்ந்து போச்சு."

பறவை லேசாக எழுந்து, எல்லாப் பக்கமும் சூடு படட்டும் என்று அலகால் முட்டையைப் பதமாகப் புரட்டிவிட்டு மறுபடி அமர்ந்தது.

"அப்ப... இது?"

"மரக்கட்டைண்ணே. நான்தான் பெயிண்ட் அடிச்சேன்."