படத்தில் இருப்பது நான்தான்

உறையைப் பிரித்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உள்ளே வேகக் கேமரா எடுத்த படம். அறுபதில் போக வேண்டிய சாலையில் தொண்ணூற்று நான்கு. அபராதக் கடிதத்தைப் பார்த்து இப்படிக் குதித்தவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான் இருப்பேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது நான். பின் சீட்டில் கண்ணை இறுக மூடிக்கொண்டிருப்பது என் அண்ணன்.

அண்ணன் பஸ் டிரைவர், பதினாறு வருஷ சர்வீஸ். மூன்று வாரத்துக்கு முன் விடிந்தும் விடியாமல் அண்ணிக்கு வலி எடுத்தபோது அந்தப் பதினாறு வருஷமும் எங்கே போனதோ தெரியவில்லை. கார் சாவியை நுழைக்கக்கூட முடியாமல் அவன் கை ஆடியது. நான் சாவியைப் பிடுங்கினேன். எனக்கு லைசென்ஸ் வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திய ஏழாவது நிமிடம் குட்டி பிறந்தாள்.

அன்றைக்கே அண்ணன் என்னை ஓரமாக அழைத்தான். "நான் ஓட்டலன்னு டிப்போல தெரிஞ்சா மானம் போயிடும்மா. நீ வாயத் திறக்காத." பாவம் என்று விட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. அதன்பிறகு தானே ஓட்டியதாக அவன் கதையளக்காத இடம் பாக்கியில்லை. வாரத்துக்கு வாரம் வேகம் ஏறியது. போன வாரம் புதிதாக ஒரு லாரி குறுக்கே வந்தது. பக்கத்தில் நின்று கேட்க எனக்கு வயிறு எரியும்.

குழந்தை வந்த அமளியில் பத்து நாளாகத் தபால் பெட்டியை யாரும் திறக்கவில்லை. கடிதத்தை நான் எடுத்த நேரம், கூடத்தில் டிப்போ ஆட்கள் நாலு பேர் குழந்தை பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் லாரியைத் தாண்டிக்கொண்டிருந்தான். அவனைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கடிதத்தை நீட்டினேன். கார் அவன் பெயரில் இருந்ததால் அபராதமும் அவன் பெயருக்கே வந்திருந்தது.

அவன் முகம் வெளுத்துவிட்டது. லைசென்ஸில் ஏற்கெனவே ஒன்பது தண்டப் புள்ளி. இதற்கு மூன்று. பன்னிரண்டு ஆனால் லைசென்ஸ் போகும், அதோடு வேலையும் போகும்.

"ஓட்டினது வேற ஆள்னா இந்தப் படிவத்துல எழுதி அனுப்பலாம்ணா. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் டைம்."

மணி நாலே கால்.

"அப்ப இங்கயே போட்டுடலாம். அவங்களுக்குத் தெரிய வேணாம்."

"நான் போட மாட்டேன். முதல்ல அங்க போய் யாரு ஓட்டினான்னு சொல்லு."

வீம்புக்குத்தான் சொன்னேன். அவன் முறுக்கிக்கொண்டு போயிருந்தால் கடைசியில் நானே கையெழுத்துப் போட்டிருப்பேன். அது அவனுக்குத் தெரியக் கூடாது.

அவன் என்னைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். கூடத்துக்குப் போனான்.

"அப்புறம் அந்த லாரி என்னாச்சு?" என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார்.

"லாரியே இல்லண்ணே." அண்ணன் தொண்டையைச் செருமினான். "வண்டி ஓட்டினது என் தங்கச்சி. நான் பின்னாடி என் பொண்டாட்டி கையப் புடிச்சிக்கிட்டு அழுதுட்டிருந்தேன்."

உள்ளறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"புடிச்சாரா? நகம் பதிஞ்ச தழும்பு இன்னும் இருக்கு. வலி எனக்கு, கத்தினது இவரு."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அண்ணனும் சேர்ந்துதான் சிரித்தான். 'வாகனத்தை ஓட்டியவர்' என்ற கட்டத்தில் அவனே என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினான். நான் லைசென்ஸ் எண்ணைப் போட்டு, கை நடுங்காமல் கையெழுத்திட்டேன். படிவத்தைப் போனில் படமெடுத்து அனுப்பினோம். நாலு ஐம்பதுக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. மூன்று புள்ளியும் எனக்கு. ஊரெல்லாம் கூப்பிட்டுச் சொல்லலாம் போலிருந்தது.

படத்தை எடுத்து வைக்கலாம் என்று பார்த்தால் மேஜையில் காணோம். உள்ளறையில் அண்ணன் அதைக் குழந்தையின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தான்.

"நல்லாப் பாத்துக்க குட்டி. உன்னக் கொண்டுவந்து சேத்தது உன் அத்தைதான். உங்கப்பன் அன்னைக்கு வெறும் பயணி."

குட்டி கொட்டாவி விட்டாள். எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது.