அக்காவின் "ம்ம்"

மனிதர்கள் பேசிக்கொள்ளும் விதத்தை ஆராய்வதுதான் அக்காவுக்கு வேலை. அவளுடைய கருத்தரங்குக்குத் தங்கை சொல்லாமல் கொள்ளாமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

ஒலிபெருக்கியில் ஒரு பெண் விசும்பினாள். "அவர் என்னை மனுஷியாவே மதிக்கிறதில்லக்கா."

தங்கைக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது தன் குரலேதான். பெற்ற தாயிடம்கூடச் சொல்லாமல், அக்காவிடம் மட்டும் போனில் கொட்டித் தீர்த்தது. திரையில் அவளுக்குப் பெயர் "பேச்சாளர் இரண்டு".

"இங்க நான் ஆறுதல் சொல்லல, கவனிங்க," என்றாள் மேடையில் அக்கா. "சொன்னா பேச்சு அதோட நின்னுடும். வெறும் 'ம்ம்' போதும். மிச்சத்தை அவங்களே கொட்டிடுவாங்க."

அரங்கம் கைதட்டியது. அந்தப் பாழாய்ப்போன "ம்ம்"மைத்தான் இவள் இத்தனை நாளும் பாசம் என்று நம்பியிருந்தாள்.

எழுந்து வெளியேறியவளின் பின்னாலேயே வாசலுக்கு அக்கா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "பேரைத்தான் மாத்திட்டேனேடி! யாருக்குத் தெரியப்போகுது?"

தங்கை அவள் முகத்தையே பார்த்தாள். "ம்ம்."

"உன் நல்லதுக்கும் சேர்த்துத்தான்டி."

"ம்ம்."

"உன் புருஷனும் என்கிட்ட புலம்புவாரு. நீ சொன்னதைச் சொல்லித்தான் அவரைப் பேச வச்சேன்."