நாலால் பெருக்கிய காலம்

இப்போதெல்லாம் நினைவகம் எவ்வளவு செலவாகிறது என்று கணினியைக் கேட்டால், எண்ணுக்குப் பக்கத்திலேயே அலகையும் போட்டுத் தருகிறது. எங்கள் காலத்தில் வெறும் எண்தான் வரும். அது பைட்டா, கிலோபைட்டா என்று எல்லோரும் கையேடு எழுதும் என்னைக் கேட்பார்கள். நான் யாரைப் போய்க் கேட்பேன்? ஆனாலும் அந்தப் பாழாய்ப்போன அறையை நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது.

முதுகு புடைத்த திரைகள், கடகடவென்று கத்தும் பிரிண்டர், ஆளுக்கொரு பட்டப்பெயர். நிரல் எழுதுபவர்களில் ஒருவனுக்குக் கஞ்சன் என்று பெயர். நினைவகத்தில் ஒரு பைட்டை வீணாக்கவும் அவனுக்கு மனசு வராது.

இயங்குதளம் நினைவகத்தைத் துண்டு துண்டாக எண்ணிக் காட்டும். ஒரு துண்டு நான்கு கிலோபைட். அதனால் திரையில் எந்த எண் வந்தாலும் அறையில் இருப்பவர்கள் நாலால் பெருக்கிவிட்டுத்தான் மூச்சே விடுவார்கள். இயங்குதளத்தின் புதிய பதிப்பு வந்தது. அதில் ஓடுவதற்கென்று, ஒரு பழைய நிரலுக்குப் பதிலாகக் கஞ்சன் புதிதாக ஒன்று எழுதினான். வழக்கம்போலப் பெருக்கிப் பார்த்தார்கள். பழையதைவிட இது நினைவகத்தை வாரி விழுங்குவதாகக் கணக்கு வந்தது.

"வெள்ளிக்கிழமையோட இதைத் தூக்கிடுங்க," என்றார் மேலாளர்.

கஞ்சன் வாதாடவே இல்லை. என் மேசைக்கு வந்து நின்றான். "எனக்கு இந்த வேலை சரிப்படாதுக்கா. மாமா கடைக்கே போயிடறேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"வாயை மூடுடா. நீ எழுதினதை நீயே நம்பலைன்னா வேற எவன் நம்புவான்?"

"எண்ணு பொய் சொல்லுமாக்கா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கையேட்டில் அந்த எண்ணுக்கு அலகு எழுதும் வேலை இன்னும் பாக்கி இருந்தது. புதிய பதிப்போடு வந்த குறிப்பிலோ அதைப் பற்றி மூச்சே இல்லை. ஆயிரம் கிலோபைட்டைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் குட்டி நிரல் ஒன்றை எழுதி ஓடவிட்டேன். துண்டுக் கணக்கு என்றால் எண் இருநூற்றைம்பது ஏற வேண்டும். சுளையாக ஆயிரம் ஏறியது. அடப்பாவிகளா! புதிய பதிப்பு நேராகக் கிலோபைட்டிலேயே காட்டுகிறது. இவர்கள் அதையும் நாலால் பெருக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

கையைப் பிடித்து இழுக்காத குறையாக மேலாளரைக் கூட்டிவந்து காட்டினேன். இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். மறுபடியும் ஆயிரம்.

"அப்ப இவனோடது பழசைவிடச் சின்னதா?" என்று அசடு வழிந்தார். "சரி சரி, இருக்கட்டும். தூக்க வேண்டாம்."

அறையே விழுந்து விழுந்து சிரித்தது. 'அலகு: கிலோபைட். பெருக்க வேண்டாம்' என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டேன்.

கஞ்சன் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு போன் போட்டவன், "அம்மா" என்றதோடு ரிசீவரை என் கையில் திணித்தான். கிலோபைட்டை அந்த அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

"உங்க பையன் மேல ஒரு தப்பும் இல்லைம்மா. நாங்கதான் கணக்குல கோட்டை விட்டுட்டோம். அவனைக் கடைக்கெல்லாம் அனுப்பிடாதீங்க," என்றேன்.

அந்த அம்மா மெல்லக் கேட்டார்: "அப்ப இன்னைக்காவது வந்து சாப்பிடுவானாம்மா?"