மீசை வைத்த மீன்

மூசி ஆற்று வெள்ளம் எங்கள் அப்பார்ட்மென்டின் கார் நிறுத்தும் தளத்தில் இடுப்பளவு நின்றது. அதில் மீன்கள் துள்ளின. உடனே தண்ணீரை இறைக்கலாம் என்றேன். சங்கச் செயலாளர் கோவிந்தராஜன் விடவில்லை.

"கொரமீனு, அதான் விரால், இங்க நம்ம ஸ்டேட் மீன், மேடம். அதைக் காப்பாத்தாம மோட்டார் போடக் கூடாது."

என் கார் பாதி மூழ்கிக் கிடக்க, பரம்பரைச் சைவமான பன்னிரண்டு குடும்பங்கள் கொசுவலை வீசி மூன்று மணி நேரம் மீன் பிடித்தோம். டிரம்மில் நிரப்பி, 'நம் மீனைக் காப்போம்' என்று பேனரும் கட்டி, ஏரியில் விடக் கிளம்பினோம்.

மோட்டார் கொண்டுவந்த நூர் முகமது டிரம்மை எட்டிப் பார்த்தார். மீன் சாப்பிடுகிறவர் என்று போன வருடம் நாங்கள் வீடு தர மறுத்த ஆம்பூர்க்காரர்.

"ஏரில விட்டுடாதீங்க சார். மீசையைப் பாருங்க, இது ஆப்பிரிக்கக் கெளுத்தி. நம்ம மீனையெல்லாம் தின்னுடும்."

"அப்ப கொரமீனு எங்க?"

"இதுங்க வயித்துல."

மறுநாள் கோவிந்தராஜன் ஸ்டூலில் ஏறி, வாசல் பலகையிலிருந்த 'வெஜிடேரியன்களுக்கு மட்டும்' என்ற வரியைச் சுரண்டினார். மோட்டாரை எடுக்க வந்த நூர் முகமதிடம், இரண்டாம் மாடி காலியாக இருக்கிறது என்றார்.

"நக்கோ, வேணாம் சார். எனக்கு மீன் தட்டுக்கு வந்தாப் போதும். வீடு தேடி வர வேணாம்."