சட்டத்துக்குச் சட்டம் சந்து

தேனீப் பெட்டிக்காக நான் அடிக்கும் மரச்சட்டங்கள் எங்கள் தெருவில் உடனுக்குடன் அமலுக்கு வந்துகொண்டிருந்தன. எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பெட்டி செய்வதே இதுதான் முதல் தடவை.

எதிர்வீட்டு ஞானதீபன் அண்ணன் அன்று காலை முருங்கை மரமாகியிருந்தார். அவருடைய இடது கிளையில் ஒரு தேனீக் கூட்டம் வந்து தொங்கியது. இருட்டுவதற்குள் பெட்டி தயாராகாவிட்டால் கிளம்பிவிடும். என்னைப் போன்ற புதியவளுக்கு இன்னொரு கூட்டம் வராது.

"சீக்கிரம் அடிம்மா. கூசுது," என்றார் அண்ணன்.

முதல் சட்டத்தில் ஆணி சாய்ந்தது. தெருவும் சாய்ந்தது. பால்காரர் சைக்கிளோடு எங்கள் சுவரில் ஏறிப் போனார். ஆணியைப் பிடுங்கி நேராக அடித்தேன். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்கினார்.

மற்ற சட்டங்களையும் அடித்து, பெட்டிக்குள் நெருக்கமாக அடுக்கினேன். தெருவில் எல்லோரும் ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டார்கள். விசாரிக்கப் பேரூராட்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அவர் முதுகில் ஞானதீபன் அண்ணனின் மனைவி சலோமி அக்கா ஒட்டியிருந்தாள், கையில் மாவுத் தூக்கோடு.

"சட்டம் போடுறது நீங்கதானா?"

"ஆமா சார்."

"எந்தக் கட்சி?"

"தேனீ சார்."

கேள்விப்பட்டிருப்பதாகத் தலையாட்டினார்.

தவறு எனக்குப் புரிந்தது. சட்டங்களைத் தள்ளித் தள்ளி வைத்தேன், நடுவில் ஒரு தேனீ நடந்து போகும் அளவுக்கு. அதிகாரி குனிந்து பார்த்தார். முகம் வெளிறியது.

"சட்டத்துக்குச் சட்டம் சந்து விடுறீங்க. எல்லாரும் அது வழியா போயிருவாங்களே."

"போகத்தான் சார் விடுறேன். வழி இல்லாட்டி உள்ள யாரு குடியிருப்பா?"

சலோமி அக்கா அவர் முதுகிலிருந்து கழன்றாள். தூக்கைத் திறந்து பார்த்தாள். மாவு பொங்கியிருந்தது. "நல்ல சட்டந்தான்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

பெட்டியைக் கிளைக்குக் கீழே பிடித்தேன். அண்ணன் தும்மினார். கூட்டம் மொத்தமாக உள்ளே விழுந்தது. மூடி போட்டேன். சிறிது நேரத்தில் சில தேனீக்கள் வாசலில் நின்று சிறகால் விசிறி, வெளியே மிச்சமிருந்தவற்றை உள்ளே கூப்பிட்டன. போகவில்லை. தங்கிவிட்டன.

தெரு முழுவதும் தேனீ அளவு இடைவெளி விட்டு நின்று பார்த்தது. நானும் உள்ளே போகக் குனிந்தேன். காவலுக்கு நின்ற தேனீ மறித்தது.

"இத அடிச்சதே நான்தான்."

"தெரியும். அளவு சரியா இருக்கு," என்றது அது. "உங்களுக்கு இல்ல."

விடவில்லை. அவ்வளவு ஒழுங்காக அடித்திருந்தேன்.